மைக் முன்னாடி ரெண்டு நிமிஷம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க மாநில சட்டசபைகள்ல தொழில், தொழிலாளர் மசோதாக்களுக்கு ஹியரிங், அதாவது ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்து கேக்கற கூட்டம், வைக்கிறதைப் பத்தி நாலு வரி எழுதினோம். அதுக்கே இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. அதனால இந்த வாரம் முழுசும் அது ஒன்னுதான்.

என் தங்கச்சி பையன் சான் ஹோசேல ஐ.டி. வேலைல இருக்கான். ஏதோ ஒரு மசோதாவுக்கு ஆதரவா பேசப்போறேன்னு லீவு போட்டுட்டு கலிபோர்னியா தலைநகரம் சாக்ரமென்டோ போனானாம். மணிக்கணக்கா க்யூல நின்னு கடைசில பேரை மட்டும் சொல்லிட்டு வந்துட்டேங்கறான். இதுக்காகவா போனான்? (வாசகி, திருப்பூர்)

அதுக்காகத்தான் போயிருக்காரு, அது வீணும் இல்லம்மா. கலிபோர்னியால நடைமுறை என்னன்னா ஒரு மசோதா கமிட்டிக்கு (அதை முதல்ல ஆராயற உறுப்பினர் குழுவுக்கு) வந்ததும் ஆதரவா ரெண்டு பேர் எதிர்ப்பா ரெண்டு பேர்னு முதன்மை சாட்சிகளை உக்கார வெச்சு ஆளுக்கு சுமார் ரெண்டு நிமிஷம் குடுப்பாங்க, மத்த எல்லாரும் வரிசைல வந்து மைக் முன்னாடி பேரு, எந்த அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா, இந்த மூணை மட்டும் சொல்லிட்டு நகரணும். காரணம் சொல்ல ஆரம்பிச்சா தலைவர் உடனே நிறுத்திடுவாரு.

பையன் போனது 2023ல எஸ்.பி. 403க்கா (செனட் மசோதா எண் 403) இருக்கலாம். வேலை, வீடு, படிப்பு இந்த இடங்கள்ல சாதி பாத்து பாகுபாடு பண்ணக்கூடாதுன்னு சட்டத்துல சாதிங்கற வார்த்தையையே போடணும்னு செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா. அந்த வருஷம் ஏப்ரல் 25ஆம் தேதி செனட் நீதித்துறை கமிட்டி ஹியரிங்ல ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல ஜனம். வேலையிடத்துல அப்பா பேரு என்ன, எந்த ஊரு, சைவமா அசைவமானு சுத்தி வளைச்சுக் கேட்டு சாதியைக் கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரு பக்கம், எங்க சமூகத்தை மட்டும் குறிவெச்சு சந்தேகத்தோட பாக்க வைக்கிறீங்கன்னு இன்னொரு பக்கம். கமிட்டி தாண்டுச்சு, ரெண்டு அவையும் தாண்டுச்சு, கடைசில அக்டோபர் 7ஆம் தேதி கவர்னர் நியூசம், இருக்கிற சட்டமே இதைத் தடுக்குது, புதுசா தேவையில்லைன்னு வீட்டோ பண்ணிட்டாரு, அதாவது நிராகரிச்சுட்டாரு.

தோத்துப்போச்சுன்னு நீங்க நினைக்கலாம். ஆனா சாதின்னா என்னன்னே தெரியாத ஒரு சட்டசபைல, அது எங்க ஆபீஸ்ல இருக்குன்னு ஆளுங்க நேர்ல வந்து நின்னாங்க பாருங்க, அது வீடியோவா பதிவாயிருச்சு. நாளைக்கு இன்னொருத்தர் மசோதா எழுதும்போது முதல்ல எடுத்துப் பாக்கறது அந்தப் பதிவைத்தான்.

எல்லா மசோதாவுக்கும் ஹியரிங் வெச்சே ஆகணுமா? (வாசகர், தேனி)

மாநிலத்துக்கு மாநிலம் வேற. நிறைய இடத்துல கமிட்டி தலைவர் நினைச்சா ஒரு மசோதாவை எடுக்காமலே வெச்சு செஷன் முடியறவரைக்கும் தூங்கவிட்டுடலாம். கொலராடோல ஜனங்க இதைப் பாத்து கடுப்பாகி 1988ல ஓட்டுப்போட்டு அரசியல் சட்டத்தையே திருத்திட்டாங்க, கமிட்டிக்கு வர்ற ஒவ்வொரு மசோதாவுக்கும் ஹியரிங் உண்டு, ஓட்டெடுப்பும் உண்டுன்னு. அந்தத் திருத்தத்துக்கு கேவல் (GAVEL)னு பேரு. நெப்ராஸ்காலயும் அப்படித்தான், எல்லா மசோதாவுக்கும் பொது ஹியரிங். அங்க இன்னொரு விசேஷம், ஒரே அவைதான், 49 பேர்தான், அமெரிக்காலயே அப்படி இருக்கிற ஒரே மாநிலம். மேல்சபை பாத்துக்கும்னு தள்ளிவிட வழி இல்லாததால அங்க கமிட்டி ஹியரிங்குக்கு ரொம்ப வெயிட்டு.

பிசினஸ் அன்ட் லேபர் கமிட்டின்னு போட்டிருந்தீங்க. முதலாளி விஷயமும் தொழிலாளி விஷயமும் ஒரே கமிட்டியா? இது எப்படி நியாயமா இருக்கும்? (வாசகர், ஹோசூர்)

எல்லா மாநிலத்துலயும் இல்ல சார், கலிபோர்னியால தொழிலாளர் விஷயத்துக்குத் தனி கமிட்டி உண்டு. நெப்ராஸ்கா, கொலராடோ மாதிரி சில இடங்கள்ல சேர்த்து வெச்சிருக்காங்க. உங்க சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. ஆனா சேர்த்து வெக்கறதுல ஒரு நன்மை இருக்கு, சேம்பர் ஆஃப் காமர்ஸ் (தொழில், வியாபாரம் பண்றவங்க சங்கம்) ஆளும் யூனியன்காரரும் ஒரே ரூம்ல ஒருத்தர் பேசறதை இன்னொருத்தர் கேட்டே ஆகணும். ஓட்டல் வெச்சிருக்கிறவர் என் லாபத்துல இவ்வளவுதான் மிச்சம்னு சொல்லிட்டு எந்திரிச்சதும் அடுத்த நாற்காலில அதே மாதிரி ஓட்டல்ல தட்டு கழுவற அம்மா வந்து உக்காருவாங்க.

கொலராடோல நடந்த ஒரு சண்டையைச் சொன்னா உங்களுக்கு விளங்கும். அங்க லேபர் பீஸ் ஆக்ட்னு 1943ல போட்ட சட்டம் ஒன்னு இருக்கு. ஒரு கம்பெனில யூனியன் வேணும்னு பெரும்பான்மை ஓட்டுல ஜெயிச்சாலும், எல்லாத் தொழிலாளியும் யூனியனுக்குக் காசு கட்டணுங்கற ஏற்பாட்டைப் பத்திப் பேச்சு நடத்தணும்னா இரண்டாவதா ஒரு தேர்தல் வைக்கணும், அதுல ஓட்டுப் போடறவங்கள்ல 75 சதவீதம் சம்மதிக்கணும். வேற எந்த மாநிலத்துலயும் இந்த மாதிரி இரண்டாவது தேர்தல் கிடையாது. ஒருதடவை ஜெயிச்சது போதாதா, இரண்டாவது தடவைக்குள்ள கம்பெனி ஆளுங்களைப் பயமுறுத்திருதுன்னு யூனியன் தரப்பு. 80 வருஷமா ரெண்டு பக்கமும் ஏத்துக்கிட்ட சமரசம் இது, இதைத் தொட்டா தொழில் வெளிய போயிடும்னு முதலாளி தரப்பு. 2025ல எஸ்.பி. 5ன்னு அந்த இரண்டாவது தேர்தலை எடுக்கச்சொல்லி மசோதா வந்துச்சு. ரெண்டு சபையும் நிறைவேத்துச்சு, ஆனா கவர்னர் ஜாரெட் போலிஸ், மசோதா கொண்டுவந்தவங்களோட அதே ஜனநாயகக் கட்சிக்காரர்தான், ரெண்டு தரப்பும் ஒத்துப்போற மாதிரி வரலைன்னு மே 16ஆம் தேதி வீட்டோ பண்ணினாரு.

என்னைக் கேட்டா, ஜெயிச்ச தேர்தலை மறுபடி ஜெயிக்கச் சொல்றது நியாயம் இல்ல. எம்.எல்.ஏ. தேர்தல்ல யாரையும் அப்படிக் கேக்கறது இல்லையே.

நான் சியாட்டில்ல ஹெச்1பி விசால இருக்கேன். சிட்டிசன் இல்லாதவங்க பேசலாமா? எப்படிப் பேசணும்? (வாசகர், வாஷிங்டன் மாநிலம்)

தாராளமா பேசலாம், ஓட்டுரிமை இருக்கான்னு யாரும் கேக்கறது இல்ல. உங்க மாநிலத்துல வேலை இன்னும் சுலபம், சட்டசபை வெப்சைட்லயே அந்த ஹியரிங்கைத் தேடி ஆதரவு, எதிர்ப்பு, மற்றவைன்னு இருக்கிறதுல ஒன்னைப் பதிவு பண்ணலாம், ஜூம்ல பேசவும் பேர் குடுக்கலாம். ஹியரிங் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பதிவு முடிஞ்சுடும்ங்கறதை மறக்காதீங்க, நிறைய பேர் அங்கதான் கோட்டை விடறாங்க. எழுத்துல குடுக்கறதா இருந்தா ஹியரிங் ஆரம்பிச்சு 24 மணி நேரம் வரைக்கும் டைம் இருக்கு.

பேசும்போது சட்டப்பிரிவெல்லாம் படிக்காதீங்க, அதைப் படிக்க அவங்ககிட்ட ஆளு இருக்கு. உங்களுக்கு என்ன நடந்துச்சு, எந்த மாசம், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் போச்சு, அதைச் சொல்லுங்க. மசோதா நம்பரையும் உங்க நிலைப்பாட்டையும் முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க, ஏன்னா நேரம் முடிஞ்சா மைக் போயிடும். நெப்ராஸ்கால மேஜை மேலயே பச்சை, மஞ்சள், சிவப்புன்னு லைட்டு வெச்சிருப்பாங்க, மஞ்சள் எரிஞ்சதும் முக்கால்வாசிப் பேருக்கு நாக்கு குழறிடும், அதனால வீட்ல ரெண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

இன்னொன்னும் மறைக்காம சொல்லணும். நீங்க பேசறது வீடியோவா பொதுவெளில இருக்கும், எழுதிக் குடுக்கறதும் பொது ஆவணம்தான், உங்க மேனேஜர் பாக்கலாம். விசா உங்க கம்பெனி கைல இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்ல. அப்படி இருந்தா உங்க பேரு வராம உங்களுக்கு நடந்ததை ஒரு தொழிலாளர் அமைப்பு வழியா சொல்ல வெக்கறதுல தப்பே இல்ல.

இவ்வளவு பேர் போய் பேசி ஏதாவது மாறியிருக்கா? உண்மையைச் சொல்லுங்க. (வாசகி, காரைக்குடி)

மாறியிருக்கும்மா. எனக்கு ரொம்ப மனசுல நிக்கிறது கலிபோர்னியா விவசாயக் கூலிகளோட ஓவர்டைம்தான். அமெரிக்கால 1938ல வேலை நேரச் சட்டம் போட்டப்பவே வயல்ல வேலை செய்றவங்களை ஓவர்டைம்ல இருந்து வெளிய தள்ளிட்டாங்க. கலிபோர்னியால பின்னாடி குடுத்தாங்க, ஆனா ஒரு நாளைக்கு 10 மணி நேரம் தாண்டினாத்தான், மத்தவங்களுக்கெல்லாம் 8 மணி நேரம். 2016ல லோரெனா கொன்சாலஸ்ங்கற சட்டசபை உறுப்பினர் இதைச் சமமாக்க மசோதா கொண்டுவந்தாங்க. திராட்சைத் தோட்டத்துலயும் பாதாம் தோட்டத்துலயும் வேலை பாக்கற ஆளுங்க சாக்ரமென்டோ வந்து நின்னாங்க. ஜூன் மாசம் சபைல தோத்துப்போச்சு. அதோட விட்டுடல, அதே விஷயத்தை ஏ.பி. 1066ங்கற வேற மசோதால வெச்சுத் திரும்பக் கொண்டுவந்து ஜெயிச்சாங்க, செப்டம்பர் 12ஆம் தேதி கவர்னர் ஜெரி பிரவுன் கையெழுத்துப் போட்டாரு. 2019ல இருந்து படிப்படியா குறைச்சு, 26 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற பெரிய பண்ணைகளுக்கு 2022ல 8 மணி நேரக் கணக்கு வந்துச்சு. 1938ல இருந்து எண்ணிப் பாருங்க, எத்தனை தலைமுறை வெயில்ல நின்னுச்சுன்னு.

ஆனா ஹியரிங் வெச்சாலே கேட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. கலிபோர்னியால செலவு கொஞ்சம் அதிகமாகற மசோதாவை எல்லாம் நிதிக் கமிட்டில சஸ்பென்ஸ் ஃபைல்னு ஒரு கட்டுல போட்டு வெச்சு, மே மாசம் ஒருதடவை, ஆகஸ்ட்ல ஒருதடவைன்னு ஒரே மூச்சுல நம்பர் படிச்சு பாஸா இல்லையான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, காரணம் சொல்றது இல்ல. ஏழு மணி நேரம் பஸ்ல வந்து சாட்சி சொன்னவருக்கு தன்னோட மசோதா ஏன் செத்துச்சுன்னே தெரியாது. கொரோனா காலத்துல போன்ல பேசவிட்டாங்க, அதையும் பின்னாடி எடுத்துட்டாங்க. வயல்ல நிக்கிறவருக்கு அது ஒன்னுதான் சாத்தியமான வழி, அதை எடுத்ததுல எனக்குக் கோபம் இருக்கு.

நம்ம ஊர்ல இந்த மாதிரி உண்டா? (நிறைய பேர் கேட்டிருக்காங்க, முதல்ல வந்தது ஸ்ரீபெரும்புதூர் வாசகியோடது)

வழக்கமா இல்ல. ஒரு மசோதாவை ஆராயறதுக்குன்னே அமைக்கிற செலக்ட் கமிட்டிக்கு அனுப்பலாம்னு விதி இருக்கு, ஆனா அபூர்வம். மானியக் கோரிக்கை (துறைவாரியா நிதி ஒதுக்கற விவாதம்) முடியற சமயத்துல மசோதாக்களை வரிசையா எடுத்து குரல் வாக்கெடுப்புல முடிச்சிடுவாங்க.

2023 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கா? தொழிற்சாலைச் சட்டத்துல 65ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்து, நாள் வேலையை 12 மணி நேரம் வரைக்கும் நீட்டிக்க வழி பண்ற மசோதா அன்னிக்குத்தான் நிறைவேறுச்சு. ஆளுங்கட்சியோட கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு பண்ணாங்க. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், நாலு நாள் வேலை மூணு நாள் லீவு, விருப்பப்படறவங்களுக்கு மட்டும்னு அரசு விளக்கம் சொல்லுச்சு. தொழிற்சங்கங்கள் கொதிச்சு, மூணு நாள்ல, 24ஆம் தேதி, நிறுத்தி வெச்சு, மே 1 அன்னிக்கு வாபஸ்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சாரு. வாபஸ் வாங்கினது நல்லது, அதை நான் மனசாரச் சொல்றேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினது எப்போ? சட்டசபைல ஓட்டு முடிஞ்சதுக்கப்பறம்.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரூம்ல, வாலாஜாபாத் பக்கம் இருந்து கம்பெனி பஸ்ல வர்ற ஒரு பொண்ணைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருந்தா அவங்க சொல்லியிருப்பாங்க. 12 மணி நேரம் ஷிப்ட்டுன்னா பஸ்ல போக ஒன்றரை வர ஒன்றரை, மொத்தம் 15 மணி நேரம் சார், பிள்ளைக்கு யாரு சோறு போடறது, விருப்பம் இல்லைன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னா அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்குமா? ரெண்டு நிமிஷம் கூட ஆகாது இதைச் சொல்ல. விருப்பப்பட்டாங்கற வார்த்தை ஷிப்ட் ஃப்ளோர்ல என்ன அர்த்தம் ஆகும்னு சட்டம் எழுதறவங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்.

பக்கத்துல கேரளால 1980ல இருந்து சப்ஜெக்ட் கமிட்டி (துறைவாரியா உறுப்பினர் குழு) முறை இருக்கு, மசோதாக்கள் வழக்கமா அந்தக் கமிட்டிக்குப் போயிட்டுத்தான் வரும், அமெரிக்கா மாதிரி திறந்த மைக் இல்லைன்னாலும் ஒரு நிதானம் கிடைக்குது. ஜவுளிக்கடைல நிக்கிற பெண்களுக்கு உக்கார உரிமை குடுத்த திருத்தம் அங்க 2018ல வந்துச்சு, நம்ம கிட்ட 2021ல. கேரளால அதுக்காக பெண்கள் வருஷக்கணக்கா போராடினாங்க. நாள் பூரா நின்னா கால் என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க போராட்டம் வரைக்கும் போகவேண்டியதே இல்லையே, கூப்பிட்டுக் கேட்டாப் போதும்.

அப்போ என்னை மாதிரி ஆளு என்ன பண்றது? நான் கார்மென்ட்ஸ்ல டெய்லரா இருக்கேன். (வாசகி, ஆவடி)

சட்டசபையோட மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது மனு குடுக்கலாம், ஆனா அது பெரும்பாலும் ரோடு, பஸ் ஸ்டாண்டு, பட்டா மாதிரி விஷயத்துக்குத்தான் உதவுது. சட்டத் திருத்தம்னா உங்க தொகுதி எம்.எல்.ஏ. ஆபீஸுக்கும் லேபர் டிபார்ட்மென்டுக்கும் எழுத்துல குடுங்க, பத்துப் பேர் கையெழுத்தோட, பெறப்பட்டதுன்னு சீல் வாங்கிட்டு ஒரு காப்பி வெச்சுக்கோங்க. மசோதா அறிமுகமாகற அன்னிக்கும் நிறைவேறுற அன்னிக்கும் நடுவுல சில நாள்தான் இருக்கும்ங்கறதால செஷன் ஆரம்பிக்கும்போதே உங்க சங்கத்துல ஒருத்தரை அதைப் பாக்கறதுக்குன்னு வைங்க. அந்தக் கடிதத்துல கடைசியா ஒரு வரி சேருங்க, தொழிலாளர் சம்பந்தமான எந்த மசோதாவா இருந்தாலும் ஓட்டுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு. நானும் என் பேர்ல ஒன்னு எழுதி அனுப்பப்போறேன்.