பினாங்கில் சோலார் பேனல்மேல் ஹோலோகிராம் ஃபிலிம் ஒட்டினால் மின்சாரம் கூடுமா? இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுக்கலாமா?

பேனலை விட்டுவிட்டு ஈரப்பத சென்சார் செய்யுங்கள். பொருள் ஏறக்குறைய அதுதான், பயன்தான் வேறு.

முதலில் ஒன்று. ஆன்லைனில் ‘ஹோலோகிராஃபிக் ஃபிலிம்’ என்று மீட்டர் கணக்கில் விற்பது கண்ணாடி அலங்காரத் தாள். நீங்கள் படித்தது வால்யூம் ஹோலோகிராம், அதாவது படலத்தின் தடிமனுக்குள்ளேயே ஒளிவிலகல் எண் அடுக்கடுக்காக மாறும் பொருள். அடுக்கு இடைவெளி 1 மைக்ரான், படலம் 15 மைக்ரான் என்றால் அது சில டிகிரிக்குள் வரும் ஒளியை மட்டுமே திருப்பும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அரை மணிக்குள் கைநழுவிவிடும். ஹோலோகிராம் கண்டுகொள்ளாத திசையில் சூரியனின் அன்றாட ஓட்டம் விழும்படி திருப்பி வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் நம் வானத்தில் மேகமும் புகைமூட்டமும் சிதறடித்த ஒளி அதிகம், அதை எந்த ஹோலோகிராமாலும் குவிக்க முடியாது. வெப்பக்கதிரை ஒதுக்குவதால் செல் சூடேறாதே என்று வாதாட வருவார்கள். சரிதான், வறண்ட, வெயில் தெளிந்த ஊரில் செய்து பாருங்கள். இங்கே விளிம்பை ஒழுங்காக மூடாத ஜெலட்டின் ஹோலோகிராம் ஈரம் குடித்து ஊதி, படமே மறைந்துவிடும்.

அந்த ஊதல்தான் உங்கள் சென்சார். 532 நானோமீட்டர் பச்சை லேசரில் பதித்த பிரதிபலிப்பு ஹோலோகிராமில் அடுக்கு இடைவெளி சுமார் 177 நானோமீட்டர். படலம் 10 சதவீதம் ஊதினால் திரும்பும் நிறம் 580 நானோமீட்டரைத் தொடும். பச்சை மஞ்சளாவது கண்ணுக்கே தெரியும். டப்ளினில் ஒரு குழு 2008-லேயே போட்டோபாலிமரில், அதாவது ஒளி பட்ட இடத்தில் பாலிமராகும் கலவையில், இதைச் செய்து காட்டியது. நீங்களும் அந்தக் கலவையையே எடுங்கள். டைகுரோமேட் ஜெலட்டின் பக்கம் போகாதீர்கள்: அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய்ப் பொருள், கழிவைத் தொட்டியில் ஊற்ற முடியாது, 532-க்கு அது மந்தமும்கூட.

கலவை இதுதான்: 10 சதவீத பாலிவினைல் ஆல்கஹால் கரைசல் 17.5 மி.லி., டிரைஎத்தனாலமைன் 2 மி.லி., அக்ரிலமைடு 0.6 கிராம், மெத்திலீன்பிஸ்அக்ரிலமைடு 0.2 கிராம், 0.11 சதவீத எரித்ரோசின் பி சாயக் கரைசல் 4 மி.லி. பாலிவினைல் ஆல்கஹாலை முதலில் 85–90 டிகிரியில் கலக்கிக்கொண்டே முழுதாகக் கரையுங்கள், கட்டி மிஞ்சினால் படலத்தில் புள்ளி விழும். சாயம் சேர்த்தபின் சிவப்பு விளக்கில்தான் வேலை. அக்ரிலமைடு தூள் நரம்பைத் தாக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள். ஸ்லைடுக்கு 0.4 மி.லி. ஊற்றி மட்டமான பலகையில் இருட்டில் ஒரு நாள் உலர்த்தினால் 30 மைக்ரானுக்குச் சற்று மேலே வரும்.

நம் ஊரில் சறுக்குவது இந்த இடத்தில்தான். டிரைஎத்தனாலமைன் ஈரத்தை இழுக்கும். ஜன்னல் திறந்த அறையில் படலம் பிசுபிசுத்தே கிடக்கும். கேமரா வைக்கும் ட்ரை கேபினட்டில் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்துங்கள். அடுத்து பதிவு: ஏர்கோன் ஓடினால் அதிர்வு, நேராக வரும் லேசரும் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதும் சேர்ந்து படலத்தில் உண்டாக்கும் ஒளிப்பட்டைகள் அலைநீளத்தின் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலே பதிவு மங்கும். நிறுத்தினால் அறை ஈரம் ஏறி, பதியும்போதே படலம் ஊதும். அதனால் ஸ்லைடையும் அதன் பின்னே முன்பூச்சுக் கண்ணாடியையும் (முன்பக்கத்திலேயே உலோகம் பூசிய முகம்பார்க்கும் கண்ணாடி) சிலிகா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் வைத்து, ஏர்கோனை நிறுத்தி, சில நிமிடம் அடங்கவிட்டுப் பிறகு ஒளி கொடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 80 மில்லிஜூலில் தொடங்கலாம். 2 மில்லிவாட் விழுந்தால் 40 விநாடி. மலிவான பச்சை பாயின்டர் நடுவில் அலைநீளம் தாவும், ஒரே அலைநீளத்தில் நிற்கும் ஒற்றை முறை (single-mode) லேசர்தான் வேண்டும்.

அடுக்கு இடைவெளி 177 நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டருக்கு 5,600 கோடு. இந்தப் பாலிமருக்கு அது கடினம், அதனால் பிரதிபலிப்பு மங்கலாகத்தான் வரும். ஸ்லைடின் பின்புறம் கறுப்புப் பெயின்ட் அடித்தால் நிறம் எடுபடும். மீதிச் சாயத்தை வெள்ளை விளக்கில் வெளுக்க விடுங்கள்.

எந்த நிறம் எத்தனை சதவீத ஈரப்பதம் என்று அளவு குறிக்க விலை கூடிய ஈரப்பதக் கருவி தேவையில்லை. மூடிய டப்பாவில் செறிவூட்டிய உப்புக் கரைசல் போதும்: 25 டிகிரியில் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதம், மக்னீசியம் நைட்ரேட் 53, சாதாரண உப்பு 75, பொட்டாசியம் குளோரைடு 84. ஒவ்வொன்றிலும் நிறம் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். பார்க்கும் கோணம் சாய்ந்தால் நிறம் நீலப்பக்கம் போகும், எனவே விளக்கையும் ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் கருவி) முனையையும் ஒரே சட்டத்தில் இறுக்கிவிடுங்கள். பலர் ஈரப்பதம் என்று வரைபடம் போடுவது உண்மையில் தங்கள் கை சாய்ந்த கோணத்தை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. தலைப்பில் ‘ஐ.ஓ.டி.’ (இணையத்தோடு இணைந்த கருவி) சேர்த்தால்தான் கையெழுத்து என்று சில மேற்பார்வையாளர்கள் அடம்பிடிக்கிறார்கள். வைஃபை சிப்பை இணைப்பது ஒரு மாலை வேலை. படலத்தை ஒழுங்காக உலர்த்தப் பழகவே உங்களுக்கு மூன்று வாரம் பிடிக்கும். அட்டவணை போடும்போது அந்த மூன்று வாரத்தை முதலில் எழுதுங்கள்.