மழைக்கால மாலைகளுக்குப் பேய்க்கதைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் நாங்கள் எட்டுப் பேர், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் ஒருவர் வீட்டில் கூடிக் கதைகளை உரக்க வாசித்துப் பேசி வருகிறோம். ஐப்பசி மழையும் பனிமூட்டமும் இறங்கிவிட்டதால், மார்கழி வரை பேய்க்கதைகளை மட்டும் வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பேய்க்கதை பொழுதுபோக்குதானே தவிர இலக்கியம் ஆகாது என்கிறார். இன்னொருவரின் 14 வயது மகளும் எங்களோடு உட்காருவாள். அவள் பயந்துவிடுவாளோ என்று அவளுடைய அம்மா தயங்குகிறார். எவற்றை வாசிக்கலாம் என்று சொல்வீர்களா? எங்கள் மலையில் வழங்கும் கதைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

உங்கள் தமிழாசிரியரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடை அவர் பாடம் நடத்திய நூல்களிலேயே இருக்கிறது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை அவரையே வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு பேய், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். ஓடிவந்து, சுடலைப் பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாய் கோதமையிடம் சொல்லி இறந்து விழுகிறான். அந்தப் பேய் அவனைத் தொட்டதாகச் சாத்தனார் சொல்லவில்லை. பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்கும் தாயிடம், ‘அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா’ என்று சம்பாபதித் தெய்வம் சொல்கிறது. பேய் கொல்லாது என்று தெய்வமே சொன்ன பிறகும் அந்தப் பிள்ளை செத்துத்தான் கிடக்கிறான் என்பதுதான் அந்தக் காதையில் என்னை இன்றும் உறைய வைக்கும் இடம். போதாதென்றால், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்து உண்ணும் கலிங்கத்துப்பரணியும் இருக்கிறது. ஆனால் அது அச்சத்தைவிட ஆரவாரமே மிகுந்த நூல், உங்கள் மாலைகளுக்கு மணிமேகலைதான் பொருந்தும்.

நல்ல பேய்க்கதை எது என்பதை நான் என் பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டில், அடுப்படியில் எங்களை உட்கார வைத்துக்கொண்டு அவர் சொன்ன கதை இது. எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் ஒரு பெண், எல்லோரும் எடை போடப் போன பிறகும், கூடை நிறையவில்லையே என்று தனியாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். மூடுபனி ஏறி வருகிறது. அவளுக்குப் பின்னால், அவள் பறித்து முடித்த அதே நிரையில், வேறு யாரோ கொழுந்து கிள்ளும் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, கட்டைவிரல் நகத்தை ஆள்காட்டி விரலில் வைத்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் எழுப்புவார். சற்று நேரம் கழித்து மறுபடியும் ‘டிக்’. பின்னால் நின்றது யார் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நாங்கள் அன்றாடம் கேட்டு வளர்ந்த சத்தம் அது. அதனால்தான் மறுநாள் பகலில், பத்துப் பேர் பேசிக்கொண்டே கொழுந்து பறிக்கும் இடத்திலும் அந்த நகச் சத்தம் என்னை விடவில்லை.

ஆகவே, நம் கைக்குப் பழகிய ஒரு சிறு பொருளிலிருந்து அச்சத்தை எழுப்பும் கதைகளையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943இல் வெளிவந்தது. தமிழில் அதை மிஞ்சிய பேய்க்கதை இன்னும் எழுதப்படவில்லை என்பது என் துணிபு. அதில் அந்தப் பொருள் ஒரு வாசனை. தூக்கம் வராத எழுத்தாளர் ஒருவர் தம் வீட்டுக்குள், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வாசனையை நுகர்கிறார். வாசலில் வந்து நின்ற பிச்சைக்காரியை அவருடைய மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பகுத்தறிவால் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிப் பழகிய ஒருவர், தம் மனைவிக்குச் சொல்லும் காரணங்களைத் தாமே நம்ப முடியாமல் போவதுதான் கதை. வாசித்து முடித்தவுடன் அவள் யார் என்று விவாதிக்கத் தொடங்காதீர்கள். ஐந்து நிமிடமாவது பேசாமல் இருங்கள்.

உரக்க வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டவை எம். ஆர். ஜேம்ஸின் கதைகள். கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் தலைவராக இருந்த அந்த அறிஞர், கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களைத் தம் அறையில் கூட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டியவற்றின் முதல் தொகுப்பு 1904இல் வந்தது. ஒரு கதையில், பேய் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று உறுதியாக நம்பும் பேராசிரியர், கடற்கரை இடிபாட்டில் கிடைத்த பழைய விசில் ஒன்றை ஊதிப் பார்க்கிறார். விடுதியில் அவருடைய அறையில் ஆளில்லாத இன்னொரு கட்டில் இருக்கிறது, அதன் மேல் ஒரு படுக்கைவிரிப்பு இருக்கிறது. இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. உங்களில் ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர் ஒருவர் முன்னதாகவே படித்துவிட்டுத் தம் சொற்களில் தமிழில் சொல்லட்டும். 1902இல் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதைக்கும் இதே முறை பொருந்தும். இந்தியாவிலிருந்து போன ஒரு மந்திரப் பொருள் ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றின் வாசலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் கதை அது. கதவு தட்டப்படும் இடத்தில் சொல்பவர் மேசையைத் தட்ட வேண்டாம், குரலைத் தாழ்த்தினால் போதும்.

ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கதைகளில், சிம்லா மலைச்சாலையில் ஓடும் ஆவி ரிக்‌ஷாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பயணியர் பங்களா ஒன்றில் இரவு முழுவதும் பக்கத்து அறையில் யாரோ பில்லியர்ட்ஸ் ஆடும் சத்தத்தைக் கேட்பவரின் கதை. அந்தச் சத்தத்துக்கான காரணம் எலியும் தளர்ந்த சன்னலும் என்று கடைசியில் தெரிந்துவிடுகிறது; ஆனாலும் அந்த இரவின் அச்சம் பொய்யாகிவிடவில்லை. பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடும் ஸ்னூக்கருக்கு விதி எழுதிய உதகையின் பழைய பங்களாக்களை வெளியிலிருந்தாவது பார்த்த நமக்கு, அந்தப் பந்துகளின் சத்தம் காதில் எளிதாக விழும். ‘டிராகுலா’ (1897) நீண்ட நாவல், அதைக் கூட்டத்தில் வாசிக்காமல் அவரவர் வீட்டில் படிப்பதே நல்லது. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலையும் அப்படியே.

உங்களோடு உட்காரும் அந்த 14 வயதுப் பெண்ணுக்காகத் தனியே ஒரு கதை வைத்திருக்கிறேன். வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீல வெளிச்சம்’ கதையில், கிணற்றில் விழுந்து இறந்த பார்கவி என்னும் பெண்ணின் ஆவி உலவுவதாக ஊரார் அஞ்சும் வீட்டில், ஓர் எழுத்தாளர் தனியாகக் குடியேறுகிறார். அவளை விரட்ட முயலாமல் அவளோடு பேசத் தொடங்குகிறார். பழகிய தோழியிடம் பேசுவதுபோல் அன்றாடம் பேசுகிறார். ஓர் இரவு விளக்கில் எண்ணெய் தீர்ந்து, மண்ணெண்ணெய் வாங்க வெளியே போய்த் திரும்பும்போது அவர் என்ன காண்கிறார் என்பதை உங்கள் சிறுமியே வாசித்துக் காட்டட்டும். ‘பார்கவி நிலையம்’ என்று 1964இல் மலையாளத்தில் படமாகவும் வந்த கதை அது. இறந்தவர்களிடம் இவ்வளவு கனிவாகப் பேச முடியும் என்பதை 14 வயதில் படித்துவிட்டால், பிறகு படிக்கும் பேய்க்கதைகளில் பேயின் துயரமும் கண்ணில் படும். அவளுடைய அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் எந்தக் கதையின் நடுவிலும் அவள் எழுந்து போக விரும்பினால் யாரும் கேலி செய்யக் கூடாது.

மலையில் வழங்கும் கதைகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், மூத்த பெண்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதுங்கள். ஒரே ஒரு வகையை மட்டும் விட்டுவிட வேண்டுகிறேன். இந்த மலையின் பழங்குடிகளான குறும்பர்கள் செய்வினை வைத்து ஆளைக் கொன்றார்கள் என்று சொல்லும் கதைகள் நீலகிரியில் நிறைய உண்டு. அந்த அச்சத்தின் பேரில் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டது ஆங்கிலேயர் கால ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. உயிரோடு நம் பக்கத்தில் வாழும் மக்களைப் பேயாக்கும் கதையில் எவ்வளவு திறமை இருந்தாலும் அதை என்னால் பரிந்துரைக்க முடியாது. கோத்தகிரியைச் சுற்றிய சரிவுகளில் அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் அவர் முன் வாசிக்க முடியாத எதையும் அவர் இல்லாதபோதும் வாசிக்க வேண்டாம்.

முதல் மாலை மணிமேகலையும் குரங்கின் பாதமும், கடைசி மாலை ‘காஞ்சனை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்; நடுவில் உள்ளவற்றை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். மழை நின்ற பிறகும் சில்வர் ஓக் மரத்திலிருந்து தகரக் கூரையில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் வாசிக்கத் தொடங்குங்கள். ஆனால் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தேயிலைச் சரிவிலிருந்து காட்டுமாடுகள் சாலைக்கு இறங்கி நிற்கும் ஊர் உங்களுடையது. டார்ச் விளக்கோடு இருவர் மூவராகச் சேர்ந்தே நடந்து போங்கள். போகும் வழியில் அந்தப் பெண் என்ன கேட்டாள் என்பதை எனக்கு எழுதுங்கள்.