திங்கள் முதல் சனி வரை: வாசகர் கேள்வி - பதில்

இம்மாதக் கேள்விகள் யாவும் பெங்களூருவிலுள்ள வாசகர்களிடமிருந்து வந்தவை. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். அண்மையில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில் செய்தி கொடுத்தவர், உலக வேலையில் செலவிடும் நேரத்துக்குப் பரலோகத்தில் கணக்கே இல்லை என்றார். அன்று முதல் அலுவலகத்தில் மனம் ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருவதுதான் கர்த்தரைக் கனம்பண்ணும் வழியா?
- ஒரு சகோதரர், ராமமூர்த்தி நகர்

பதில்: மேடையில் சொல்லப்பட்ட அந்தக் கருத்துக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. பவுல் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு தங்கிக் கூடாரம் பண்ணும் தொழிலைச் செய்தார் என்று அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. யோர்தான் கரையில் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானனிடம் வந்து, "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டபோது, ஆயத்துறையை விட்டு வாருங்கள் என்றோ பட்டயத்தைக் கீழே போடுங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாக வாங்கவேண்டாம், ஒருவருக்கும் இடுக்கண் செய்யவேண்டாம், பொய்யாய்க் குற்றஞ்சாட்டவேண்டாம், சம்பளமே போதுமென்று இருங்கள் என்றுதான் சொன்னார் (லூக்கா 3:12-14). இத்தனைக்கும் அன்றைய மக்கள் மிகவும் வெறுத்த உத்தியோகங்களில் ஆயத்தொழிலும் ஒன்று.

நம்மவர்களில் ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826-1889) நீதிமன்ற உத்தியோகத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர். கைக்கூலி வாங்குவதைக் கடிந்து நீதிநூலில் பாடியவர், தாம் அமர்ந்த நாற்காலியிலும் அப்படியே நடந்துகொண்டார். 1876-78 பஞ்சத்தின்போது தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். அதைக் கண்டு, சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் 'நீயே புருஷ மேரு' என்று அவரைப் பாடினார். வேற்றுச் சமயத்துக் கவிஞர் ஒருவரைப் பாடவைத்த அந்த வாழ்க்கைக்குப் பரலோகத்தில் கணக்கு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே முதலில் உங்கள் மேசையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் டைம்ஷீட் நிரப்பும்போது, மூன்று மணி நேரமே செய்த வேலைக்கு எதிரே எட்டு என்று போடும் பழக்கம் பல அணிகளில் உண்டு. வாடிக்கையாளர் அந்த எட்டுக்கும் பணம் கொடுக்கிறார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழி சந்தைக்கடைக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. செய்த மணி நேரத்தை அப்படியே எழுதுங்கள்; வேலையில்லாமல் இருந்த நேரத்தைப் பதிவதற்கென்று பெரும்பாலான நிறுவனங்களில் தனிக் குறியீடு இருக்கிறது, அதில் போடுங்கள். மேலாளர் முகம் சுளித்தால், தணிந்த குரலில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அணியில் புதிதாகச் சேர்ந்த இளைஞன் கண்டுபிடித்துத் திருத்திய பிழையை, அவன் பெயரைச் சொல்லியே மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒரு வருடம் இப்படி வேலை செய்து பார்த்தால், அதற்கு எவ்வளவு ஜெபம் தேவைப்படுகிறது என்பது தெரியவரும்.

முழுநேர ஊழியத்துக்குத் தேவன் சிலரை அழைக்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையில் ஏற்படும் சலிப்பை அழைப்பு என்று எண்ணிக்கொண்டு ராஜினாமா கடிதம் எழுதியவர்கள், அதே சலிப்பைச் சபைக்குள்ளும் சுமந்து வருகிறார்கள். உங்கள் மனைவியும் உங்களை நன்கறிந்த சபை மூப்பர்களும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டுக் கடன் தவணை எத்தனை ஆண்டு பாக்கி என்பதையும் எழுதிப் பாருங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொன்னவர் ஆண்டவர்தாமே.

கேள்வி: தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான காணிக்கையை, கையில் வரும் சம்பளத்தில் கணக்கிடுவதா, வரியும் வருங்கால வைப்பு நிதியும் பிடிப்பதற்கு முந்திய தொகையில் கணக்கிடுவதா?
- ஒரு வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: உங்கள் மனச்சாட்சி எதில் அமைதி பெறுகிறதோ அதில் கணக்கிடுங்கள். ஒற்தலாமிலும் (புதினா) சீரகத்திலும்கூடத் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களைக் குறித்து மத்தேயு 23:23இல் இயேசு பேசியிருப்பதை ஒருமுறை வாசித்துவிட்டுக் கணக்கிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்கு விடுமுறை நாள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விருந்தினரோடு வீடு திரும்புவதால் அன்றுதான் வேலை அதிகம். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதால் ஞாயிறு அவருக்குச் சாதாரண நாள்தானே என்கிறார் என் மாமியார். எனக்கோ உறுத்துகிறது.
- ஒரு சகோதரி, லிங்கராஜபுரம்

பதில்: உங்கள் உறுத்தல் சரியானது. ஓய்வுநாள் கற்பனையை உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் நிதானமாக வாசியுங்கள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்று அங்கே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. வாசல்களில் இருக்கிற அந்நியனும் அந்தப் பட்டியலில் இருக்கிறான், ஆகையால் அவர் நம் மதமா என்ற கேள்விக்கே இடமில்லை. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை என்று அடுத்த வசனம் காரணமும் காட்டுகிறது. நாம் ஆலயத்தில் உட்கார்ந்து இளைப்பாறுதலைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும் வேளையில், நம் வீட்டுப் பின்கட்டில் இன்னொருவர் அடிப்பிடித்த பிரியாணிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பிரசங்கம் யாருக்கு?

வாரத்தில் எந்த நாள் விடுமுறை வேண்டும் என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று அவரும் ஞாயிறையே சொல்லக்கூடும். அதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கவேண்டாம். ஞாயிற்றுப் பாத்திரங்களைக் குவித்துவைத்துத் திங்களன்று அவர் தலையில் கட்டுவது விடுமுறை ஆகாது என்பதால், அன்று சமையலைச் சுருக்கிக்கொண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து துலக்கட்டும். மாதச் சம்பளத்தை முதல் தேதியிலேயே கொடுத்துவிடுங்கள். கூலியாளின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கும்படி அதே உபாகமம் 24:15 சொல்கிறது. மாமியாரிடம் வசனத்தைக் காட்டி வாதாடவேண்டாம். அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் சபையின் பொருளாளர். அலுவலகம் முடிந்ததும் கமிட்டி, பாடகர் குழுப் பயிற்சி, அறுப்பின் பண்டிகை ஏற்பாடு என்று வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிறது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் சுத்தம் செய்வதும் நான் ஒருத்திதான். கேட்டால், "தேவனுடைய வேலையைத் தடுக்காதே" என்கிறார்.
- ஒரு சகோதரி, மர்ஃபி டவுன்

பதில்: உங்கள் கணவர் மாற்கு 7:9-13ஐ வாசிக்கவேண்டும். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் கொடுத்துவிட்ட காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். காணிக்கை என்ற பெயரால் பெற்றோரைக் கைவிடுவது தேவவசனத்தை அவமாக்குவது என்பது அவருடைய தீர்ப்பு. உங்கள் கணவர் பாடகர் குழுவில் நிற்கிற நேரத்தில் இங்கே படுக்கையில் இருப்பவர் அவருடைய சொந்தத் தகப்பன்.

நம் சபைகளின் மேலும் குறை இருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் ஒரு சீப்பு வாழைப்பழம் ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போவதைக் கைதட்டி மகிழ்கிறோம். அந்த ஏலத்துக்கு மேசை போடுவதற்காக நான்கு இரவு கூடிப் பேசுகிறோம். பொருளாளரின் வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதை ஒருவரும் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதில்லை.

பொருளாளர் பொறுப்பை நடுவில் உதறவேண்டாம், கணக்கு குழம்பும். பதவிக்காலம் முடியும் வரை கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, பாடகர் குழுவையும் பண்டிகை ஏற்பாட்டையும் வேறொருவரிடம் விடச் சொல்லுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க மாமனாரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டியிருக்கும். இரவு முறைகளை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். வாரத்தில் இரண்டு மாலைகளாவது நீங்கள் வெளியே போய்வரும்படி வீட்டில் இருக்கட்டும். இதற்கும் அவர் இணங்காவிட்டால் போதகரிடம் நீங்களே பேசுங்கள். அதைப் புறங்கூறுதல் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தவேண்டாம்.

கேள்வி: பொதுத்துறை நிறுவனத்தில் ஓய்வு பெற்றவன். மூட்டுவலியால் வீடு சந்திப்பு ஊழியத்துக்குப் போக முடியவில்லை. என்னால் இனி என்ன ஆகும்?
- ஒரு வாசகர், அல்சூர்

பதில்: ஐயா, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர், வீட்டில் தமிழ் பேசினாலும், கீர்த்தனைகளை ஆங்கில எழுத்திலோ கன்னட எழுத்திலோ எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறார்கள், தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் ஒரு வசனத்தை முழுதாக வாசிக்கத் தடுமாறுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாரம் இருமுறை அவர்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுத்தாருங்கள். படிவங்களோடு பழகிய கை உங்களுடையது என்பதால் இன்னொன்றும் செய்யலாம். ஓய்வூதியதாரர்களில் பலர் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கவேண்டும். கைப்பேசியில் அதைச் செய்யத் தெரியாத விதவைத் தாய்மார் உங்கள் சபையிலும் தெருவிலும் இருப்பார்கள். அக்டோபரிலேயே அவர்கள் பெயர்களை எழுதி வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் சர்வர் வேலை செய்யாது.