பழைய பிக்கப்பில் டீசல் எஞ்சின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 பிக்கப் வீட்டில் நிற்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடிய வாகனம். எஞ்சின் தேய்ந்து போய்விட்டது. டீசல் எஞ்சின் போட்டு, தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றவும் குடும்பத்தோடு கண்டிக்குப் போய்வரவும் விருப்பம். ரொயோட்டா ஹையேஸ் வானின் ‘2எல்’ வகை டீசல் எஞ்சின் போடச் சொல்கிறார்கள். சரிவருமா ஐயா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: 2எல் வேண்டாம். நல்ல எஞ்சின்தான், ஆனால் 2446 சிசி. உங்கள் சேஸ் சுமக்கச் செய்தது 1200 சிசி, 40 குதிரைவலு எஞ்சினை. ரொயோட்டா 2சி, 1974 சிசி, உங்கள் தேவைக்குப் போதும். அதுகூடப் பழைய எஞ்சினைவிடப் பாரம்தான். எவ்வளவு பாரம் என்று ஊகிக்க வேண்டாம். பழைய எஞ்சினை கியர்பொக்ஸோடு கழற்றி நெல் மூட்டை நிறுக்கும் தராசில் வையுங்கள்; புதியதையும் அப்படியே வையுங்கள். கழற்ற முதல் முன்சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பொருத்திய பிறகு 20 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் முன் சுருள் ஸ்பிரிங்கை மாற்றியே ஆகவேண்டும். அதை விட்டால் ஸ்ரியறிங் கனக்கும், முன் ரயர் ஓரம் தின்னும்.

2சி என்று கேட்டவுடன் எதையும் வாங்கிவிடாதீர்கள். முன்சில்லு இழுவைக் கார்களில் வந்த 2சி குறுக்காக நிற்பது. அதன் கியர்பொக்ஸ் உங்களுக்கு உதவாது. ரவுண்ஏஸ் போன்ற வான்களில் எஞ்சின் நெடுக்காகத்தான் நிற்கும், ஆனால் சீற்றுக்குக் கீழே. கியர் தடி தூரத்தில் இருந்து இயங்குவதால் கியர்பொக்ஸின் மேல் தடி ஏறுவதற்கு இடமே இருக்காது. சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஓயில் நிற்கும் தொட்டி) ஆழமான பகுதி முன்பக்கமா பின்பக்கமா என்பதையும் பாருங்கள். ஏ40 இன் முன் குறுக்குச் சட்டம் வரும் இடத்தில் சம்ப்பின் ஆழமும் வந்தால், சம்ப்பை வெட்டி ஒட்டவேண்டி வரும். குறுக்குச் சட்டத்தில் மட்டும் கைவைக்காதீர்கள், முன்சில்லுகள் இரண்டும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

வாங்கும் இடத்தில் மூன்று சோதனை செய்யுங்கள். முதலாவது, எஞ்சின் ஓடும்போது ஓயில் மூடியைத் திருகாமல் சும்மா மேலே வையுங்கள். மூடி துள்ளிப் புகை கக்கினால் பிஸ்டன் றிங் போய்விட்டது. இரண்டாவது, றேடியேற்றர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்துவிட்டு எஞ்சினை எழுப்புங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வெடிப்பு, அல்லது அதன் அடியிலுள்ள காஸ்கற் போய்விட்டது. மூன்றாவது, குளோ பிளக்கை (எழுப்ப முதல் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) கழற்றி, கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். சதுர சென்ரிமீற்றருக்கு 30 கிலோவை அண்டினால் நல்லது, 20 க்குக் கீழே வேண்டாம். ஒரு சிலிண்டருக்கும் மற்றதற்கும் 5 க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் வேண்டாம். 2சியின் பலவீனம் ஹெட். சூடேறினால் இரண்டு வால்வுகளுக்கு நடுவே வெடிக்கும். ஆகவே பொருத்த முதல் ஹெட்டைக் கழற்றி, காற்றழுத்தம் பிடித்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ரைமிங் பெல்ற்றையும் அதன் இழுவைப் பெயாரிங்கையும் அப்போதே மாற்றுங்கள். ஓடும்போது பெல்ற் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும், எஞ்சின் திரும்பவும் இறங்க வேண்டியதுதான்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எஞ்சினைக் கடைசியாகப் போடுங்கள். முதலில் பிரேக், பிறகு பின் அச்சு, பிறகு குளிரூட்டல். பழைய ஏ40 களில் முன்சில்லுக்கு ஹைட்ரோலிக், பின்சில்லுக்குக் கம்பித்தடி. அது 40 குதிரைவலுவோடும் அந்தக் காலத்து வேகத்தோடும் முடிந்த கணக்கு. நான்கு சில்லுக்கும் ஹைட்ரோலிக் போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறையுள்ள இரட்டை மாஸ்ரர் சிலிண்டர் வையுங்கள். ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது பிடிக்கும். பூஸ்ரர் (வெற்றிடத்தால் பிரேக் மிதியை இலகுவாக்குவது) போடுவதானால், டீசல் எஞ்சினில் காற்றுவழி அடைபடாததால் தானாக வெற்றிடம் கிடைக்காது. ஓல்ரனேற்றரின் பின்னால் வெற்றிடப் பம்ப் இருக்கும் எஞ்சினையே தேடி எடுங்கள். டீசலில், காலை எடுத்ததும் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும் பிடிப்பும் பெற்றோலைவிடக் குறைவு. கண்டியில் இருந்து மாத்தளைப் பக்கம் பாரத்தோடு இறங்கும்போது இது நன்றாகத் தெரியும். மூன்றாம் கியரில் இறங்குங்கள்.

கேள்வி: எஞ்சினை மட்டும் மாற்றி, இடையில் ஒரு தகடு கடைந்து போட்டு, ஒஸ்ரினின் கியர்பொக்ஸையும் பின் அச்சையும் அப்படியே வைத்திருந்தால் செலவு மிச்சம்தானே?
– வாசகர், முள்ளியவளை

பதில்: மிச்சம் சில மாதத்துக்குத்தான். 2சியின் முறுக்குவிசை பழைய எஞ்சினின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒஸ்ரினின் கியர்ப் பல்லும் அச்சுத்தண்டும் அதற்குச் செய்தவை அல்ல. சேற்றில் புதைந்த வாகனத்தை முதல் கியரில் வெளியே எடுக்கும் அன்றைக்குத் தண்டு முறுகும். மாரியில் எங்கள் உள்வீதிகளில் இது நடக்காமல் இராது.

அதைவிடப் பெரிய பிரச்சினை பல் விகிதம். பழைய பிக்கப்களின் அச்சு மெதுவான ஓட்டத்துக்குக் கட்டியது. உங்களுடையது எவ்வளவு என்று இப்படிப் பாருங்கள். கியரை நடுவில் விட்டு, ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்குங்கள், மற்றது நிலத்தில் இருக்கட்டும். தூக்கிய சில்லைக் கையால் சரியாக 2 சுற்றுச் சுற்றுங்கள். புறொப்பெல்லர் சாஃப்ட் (கியர்பொக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுதான் விகிதம். பிறகு ரயரில் ஒரு வெண்கட்டிக் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, நிலத்தில் தூரத்தை அளவுங்கள்.

அளவு 2.05 மீற்றர், விகிதம் 5.1 என்று வைப்போம். மணிக்கு 80 கிலோமீற்றரில் சில்லு நிமிடத்துக்கு 650 சுற்று. நேர் கியரில் எஞ்சின் 3300 சுற்றுக்கு மேல் போகும். ஏ9 வீதியில் மணிக்கணக்காக அப்படி ஓடினால் காதும் அடைக்கும், டீசலும் போகும், ஹெட்டும் சூடாகும். அதே வாகனத்தில் 4.1 அச்சும் 0.85 விகிதமுள்ள ஐந்தாம் கியரும் இருந்தால் 2270 சுற்று போதும். தூரப் பயணத்துக்கென்று எஞ்சின் மாற்றுகிறவருக்கு இந்த ஆயிரம் சுற்றுத்தான் எல்லாம். எஞ்சினோடு வந்த ஐந்து கியர் பெட்டியையும், அதே குடும்பத்துப் பின் அச்சையும் போடுங்கள். அச்சு வாங்க முதல் இரண்டு பக்கச் சில்லு முகத்துக்கும் இடையிலான அகலத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள், மட்கார்டுக்குள் சில்லு அடங்க வேண்டும்.

கேள்வி: டட்சன் 620 பிக்கப்புக்கு நிசான் எஸ்டி23 போட்டிருக்கிறேன். ஊருக்குள் ஓடினால் ஒன்றுமில்லை. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் பாரத்தோடு போனால் பாதிவழியில் முள் சிவப்புக்கு ஏறுகிறது. மெக்கானிக் தேமோஸ்ரற்றை (சூடேறினால் றேடியேற்றருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வு) கழற்றிவிட்டார். அதன்பிறகும் குறையவில்லை.
– வாசகர், மாங்குளம்

பதில்: எஞ்சின் தெரிவு மிகச் சரி. எஸ்டி23 இல் ரைமிங் பெல்ற் கிடையாது, பற்சக்கரத்தில் ஓடுவது, வன்னித் தூசிக்கு ஏற்றது. பிழை குளிரூட்டலில்.

தேமோஸ்ரற்றைத் திரும்பப் போடுங்கள். பல டீசல் எஞ்சின்களில் அதன் அடியில் இன்னொரு சிறிய தட்டு இருக்கும். சூடேறி மேல்வழி திறக்கும்போது அந்தத் தட்டு, தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியை மூடும். முழுதாகக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிரட்டும் என்று கழற்றுவதே சூட்டைக் கூட்டுகிறது.

அடுத்தது, பெற்றோல் எஞ்சினின் றேடியேற்றரையே விட்டிருக்கிறீர்களா? அது போதாது, மூன்று அடுக்குக் குழாயாவது வேண்டும். விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு இருக்க வேண்டும். விசிறி அலகின் நுனிக்கும் கூட்டுக்கும் இடைவெளி 20 முதல் 25 மில்லிமீற்றர். அகலத்தில் பாதி கூட்டுக்குள் நிற்கட்டும். கூடு இல்லாத விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் கலக்கும். சோளகம் வீசும் மாதங்களில் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் ஓடினால் காற்று முதுகில் இருக்கும், எதிர்க்காற்று குறையும். அப்போது முழு வேலையும் விசிறிக்குத்தான். நீங்கள் சொல்லும் வழிக்கும் நேரத்துக்கும் இது பொருந்துகிறது.

மூன்றாவதாக உயரம் பாருங்கள். றேடியேற்றரின் மூடி எஞ்சின் ஹெட்டைவிடத் தாழ்வாக இருந்தால் ஹெட்டுக்குள் காற்று அடைபடும். பொனற்றுக்குக் கீழ் இடமில்லையென்றால் ஒரு சிறு மேல்தாங்கியை உயரத்தில் வைத்து, ஹெட்டில் இருந்து மெல்லிய குழாய் ஒன்றை அதற்கு ஏற்றுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளைக் கல்லாகப் படிகிறதே, அதே கல் எஞ்சினுக்குள்ளும் படியும். ஒரு மில்லிமீற்றர் படிந்தாலே சூடு வெளியேறுவது வெகுவாகக் குறையும். வடிதண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி விடுங்கள். வடிதண்ணீர் கிடைக்காவிட்டால், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்த தண்ணீர் பரவாயில்லை.

கேள்வி: டீசலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கலாமா? முந்தி எல்லாம் மண்ணெண்ணெயில்தானே ஓடினோம்.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: முந்தி ஓடியது பெற்றோல் எஞ்சின். சொட்டுப் பெற்றோலில் எழுப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த எஞ்சினுக்கு எரிபொருள் எரிந்தால் போதும். டீசல் எஞ்சினிலோ, டீசலை அழுத்தி அனுப்பும் வட்டப் பம்ப்புக்கும் அதைச் சிலிண்டருக்குள் பீச்சும் இஞ்செக்ரருக்கும் டீசலே எண்ணெய், வேறு மசகு கிடையாது. மண்ணெண்ணெய் அந்த வழுவழுப்பைக் குறைத்துவிடும். பம்ப்பின் உள் உலோகங்கள் உரசி மெல்லிய பொடி கிளம்பும், அந்தப் பொடியே இஞ்செக்ரர் துளையைத் தின்னும். சூடான எஞ்சின் நிறுத்தியபின் எழும்ப மறுப்பது முதல் அறிகுறி. பம்ப் திருத்தும் செலவில் பல பரல் டீசல் வாங்கலாம். கலக்காதீர்கள்.

கேள்வி: புது எஞ்சின் பொருத்திய முதல் நாளே நாலு குளோ பிளக்கும் எரிந்துவிட்டன. ஸ்ராட்டரும் மெதுவாகச் சுற்றுகிறது. வாகனம் மொரிஸ் மைனர் பிக்கப்.
– வாசகர், பூநகரி

பதில்: பிளக்கின் உடலில் வோல்ற் எண் பொறித்திருக்கும். ஜப்பான் எஞ்சின்கள் பலவற்றில் 6 வோல்ற் பிளக், ஒரு தடையினூடாக விரைவாகச் சூடேறி வெட்டுப்படுவதற்கென்று இருக்கும். அதற்கு நேரே 12 வோல்ற் கொடுத்தால் சில செக்கன்களில் எரியும். 12 வோல்ற் பிளக் வாங்கிப் போட்டு, றிலே ஊடாக, அழுத்துபவர் கையெடுத்தால் நிற்கும் சுவிட்ச் வையுங்கள்.

ஸ்ராட்டரின் தகட்டையும் வாசியுங்கள். 24 வோல்ற் ஸ்ராட்டரை 12 இல் சுற்றினால் இப்படித்தான் இருக்கும். 12 தான் என்றால் பற்றரியையும் கேபிளையும் பாருங்கள். 70 ஆம்பியர்-மணி பற்றரியும், குறைந்தது 35 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளும் வேண்டும். எஞ்சினில் இருந்து சேஸுக்கும் அதே தடிப்பில் ஒரு கேபிள் இழுங்கள். றப்பர் மவுண்டில் நிற்கும் எஞ்சினுக்கு அது இல்லாவிட்டால் மின்சாரம் கிளச் கம்பியைத் தேடிப் போகும்; அது சிவக்கும்.

இன்னொன்று, மொரிஸ், ஒஸ்ரின் இரண்டிலும் அந்தக் காலத்தில் பற்றரியின் நேர்முனையே வாகனத்தின் பொடியில் (உடற்தகட்டில்) இணைந்திருக்கும். ஓல்ரனேற்றருக்கு எதிர்முனை பொடியில் இருக்க வேண்டும். மாற்றாமல் இணைத்தால் ஓல்ரனேற்றரின் டயோட் உடனே போகும். உங்களுடையது இன்னும் சார்ஜ் பண்ணினால், யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: எஞ்சின் மாற்றி, புறொப்பெல்லர் சாஃப்டையும் வெட்டிக் குறுக்கினோம். மணிக்கு 70 கிலோமீற்றர் தாண்டினால் தரை முழுக்க அதிர்கிறது. சில்லு பலன்ஸ் பண்ணியாயிற்று.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: புறொப்பெல்லர் சாஃப்ட். வெட்டிக் குறுக்கியபோது இரண்டு முனை யூ-ஜொயின்றும் (மடங்கும் மூட்டு) ஒரே கோட்டில் ஒட்டப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். பிறகு கோணம். கியர்பொக்ஸின் வெளித்தண்டும் அச்சின் பினியனும் (சாஃப்ட் பூட்டும் பற்தண்டு) ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, ஒரு பாகைக்குள் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் கோணமானி போதும், பாரம் ஏற்றிய நிலையில் அளவுங்கள். வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வையுங்கள். சாஃப்டின் முன்முனை கியர்பொக்ஸுக்குள் முழுதாகப் போனபின் 20 முதல் 25 மில்லிமீற்றர் வெளியே இழுத்த நிலையில் நிற்கட்டும், குழியில் விழும்போது கியர்பொக்ஸை முட்டாது.

கேள்வி: பதிவுப் புத்தகத்தில் பெற்றோல் என்று இருக்கிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: முதலில் அதைத்தான் பாருங்கள். எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் வகை மூன்றும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் மாற வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணப் பிரதியையும் கேளுங்கள். தராதவரிடம் எவ்வளவு மலிவென்றாலும் வாங்க வேண்டாம். புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் பதிவில் உள்ளதைத்தான் பார்க்கும். விபத்து ஒன்றில் புத்தகமும் வாகனமும் பொருந்தாவிட்டால் அடிபட்டவருக்கும் சேர்த்து நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: எல்லாம் பொருத்தியாயிற்று. முதன்முறை எழுப்பும்போது கவனிக்க வேண்டியது என்ன? தூரப் பயணத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், பரந்தன்

பதில்: எழுப்ப முதல் காற்றுவாயை முழுதாக மூடக்கூடிய ஒரு பலகைத் துண்டைக் கையில் வைத்திருங்கள். பம்ப் பிழையாகப் பூட்டியிருந்தாலோ எஞ்சின் தன் ஓயிலையே எரிக்கத் தொடங்கினாலோ, திறப்பைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்றை அடைத்தால்தான் நிற்கும். துணியோ கையோ வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

ஃபில்ற்றரின் மேல் உள்ள கைப்பம்பை இறுகும் வரை அடியுங்கள். இஞ்செக்ரர் குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி ஸ்ராட்டரைச் சுற்றுங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் துளித்துளியாக வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பீறும் டீசல் தோலைத் துளைக்கும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். பம்ப்பில் இருந்து மிஞ்சும் டீசல் திரும்பும் குழாய் தாங்கிக்குப் போகிறதா பாருங்கள். பழைய பெற்றோல் தாங்கியில் அந்த வழி இராது. அதை ஒட்டவென்று தாங்கியில் நெருப்பு வைக்க வேண்டாம். வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்த தாங்கியும் வெடிக்கும். புதுத் தாங்கி செய்விப்பதே நல்லது. நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் மட்டும் செய்யாதீர்கள், டீசலோடு சேர்ந்து பிசினாகி ஃபில்ற்றரை அடைக்கும்.

பயணத்துக்கு இரண்டு டீசல் ஃபில்ற்றர், விசிறி பெல்ற், மேல் கீழ் றேடியேற்றர் ஹோஸ், கிளிப், 5 லீற்றர் கூலன்ற், 2 லீற்றர் ஓயில், 17 ஸ்பானர். முதல் 500 கிலோமீற்றர் பாரமின்றி ஓடி, ஹெட் போல்ட்டையும் மவுண்ட் நட்டுகளையும் திரும்ப இறுக்கிய பிறகு தம்புள்ளைக்கு ஏற்றுங்கள்.