பெயரை முதலில் தையுங்கள், மரத்தைக் கடைசியில்

கேள்வி: அப்பாவின் சதாபிஷேகத்துக்குக் குடும்ப மரம் போட்ட குவில்ட் (மேல் துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) ஒன்று தைக்கிறேன். மொத்தம் 21 பெயர்கள். காட்டன் துணியை 8½க்கு 6½ அங்குலமாக வெட்டி, எம்ப்ராய்டரி மெஷினின் 5க்கு 7 அங்குல ஹூப்பில் (துணியை விறைப்பாகப் பிடிக்கும் சட்டம்) பேனலுக்கு ஒரு பெயராகப் போட்டேன். இப்போது பேனல்கள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவரவில்லை. 'ஞானாம்பாள்' என்ற பெயரில் ஞ வெறும் நூல் உருண்டையாக நிற்கிறது. பேனலோடு சேர்த்துப் போட்ட கிளைகளும் இணைப்பில் விலகிப்போகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். வேலையின் வரிசைதான் தலைகீழாகிவிட்டது.

எம்ப்ராய்டரி விழுந்த துணி சுருங்கும். ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும். பெயருக்குப் பெயர் தையல் எண்ணிக்கை வேறு என்பதால் சுருக்கமும் வேறு. 'மணி' போட்ட பேனலும் 'ஞானாம்பாள்' போட்ட பேனலும் எப்படி ஒரே அளவில் வரும்? அதனால் துவைத்து இஸ்திரி போட்ட துணியை 12க்கு 10 அங்குலத் துண்டாக எடுத்து, பெயரைப் போட்டு முடித்த பிறகே அளவுக்கு வெட்டுங்கள். அடியில் கட்அவே ஸ்டெபிலைசர் (துணி சுருங்காமல் தாங்கும் அடித்தாள், மிச்சத்தைக் கத்தரியால் வெட்டும் வகை) வையுங்கள். கையால் கிழித்தெடுக்கும் டேர்அவே வேண்டாம், கிழிக்கும்போது எழுத்தின் ஓரத் தையலையும் சேர்த்து இழுத்துவிடும். ஹூப்பின் திருகை இறுக்கிய பிறகு துணி ஓரத்தைப் பிடித்து இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போதைக்கு விறைப்பாகத் தெரியும், கழற்றியதும் எழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும்.

தைத்த துண்டை டர்க்கி டவல் மேல் கவிழ்த்து, பின்பக்கம் இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, பெயரின் நடுவிலிருந்து நான்கு பக்கமும் அளந்து 8½க்கு 6½ ஆக வெட்டுங்கள். இணைக்கும்போது தையலுக்குக் கால் அங்குலம், கண்டிப்பாக. ஒரு இணைப்பில் 1 மில்லிமீட்டர் தவறினால் இரு பக்கமும் சேர்ந்து 2 போகும். வரிசைக்கு ஐந்து பேனல், நான்கு இணைப்பு என்றால் 8 மில்லிமீட்டர். ஏற்கெனவே போட்டதில் நன்றாக வந்தவற்றை வீசாதீர்கள். இலை வடிவில் வெட்டிப் புதுத் துண்டின் மேல் அப்ளிக்காக (துணி மேல் துணி வைத்துத் தைப்பது) வைத்துவிடலாம்.

எழுத்துக்கு வருவோம். மெஷினோடு வரும் எழுத்துருக்களில் தமிழ் பெரும்பாலும் இருக்காது. இங்க்ஸ்கேப் என்ற கணினி வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டி, பாத்தாக (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, இங்க்ஸ்டிச் என்ற இலவச இணைப்பில் தையலாக்குங்கள். தடித்தும் மெலிந்தும் வளையும் அலங்கார எழுத்துரு வேண்டாம், கோடு ஒரே தடிமனில் இருக்கட்டும். ப, ட போன்றவை 8 மில்லிமீட்டர் உயரத்திலும் தெளிவாக விழும். ஞ, ணை, ஜ போன்ற சுழி எழுத்துகளுக்கு 12 மில்லிமீட்டருக்குக் குறையாதீர்கள். ஒரு பெயரில் அப்படி ஓர் எழுத்து இருந்தாலும் எல்லாப் பெயர்களையும் அந்த உயரத்துக்கே ஏற்றிவிடுங்கள். சாட்டின் கோடு (நெருக்கமாக இடவலமாகப் போகும் தையல்) அகலம் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஊசி குத்திய இடத்திலேயே குத்தி, உள்சுழி அடைந்துவிடும். உங்கள் ஞ அப்படித்தான் உருண்டையானது. மெல்லிய 60ஆம் நம்பர் நூலும் மெல்லிய 65/9 ஊசியும் மாற்றிப் பாருங்கள். புள்ளியைத் தனியாகக் கவனியுங்கள்: 1½ மில்லிமீட்டர் வட்டமாவது வேண்டும், எழுத்தை ஒட்டாமல் இடைவெளி விட்டு. புள்ளி புதைந்தால் ராமன் 'ராமன' ஆகிவிடுவார். முதலில் கழிவுத் துணியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் நல்ல துணியைத் தொடாதீர்கள்.

மரத்தைப் பேனலில் போடவே போடாதீர்கள். ஐந்துக்கு ஐந்து, 25 பேனலையும் இணைத்தால் 40க்கு 30 அங்குலம் வரும். அதன்மேல் அடிமரத்தை ஒரே துண்டாக அப்ளிக் செய்யுங்கள். கிளைகளுக்குத் துணியைக் கிராஸாக (மூலைவாட்டில்) வெட்டிய பட்டிதான் சரி, இழுத்த பக்கம் வளையும். இணைப்புத் தையல்கள் அதன் அடியில் மறைந்துவிடும்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டியவர்கள் இருக்கும் குடும்பத்தில் பிரிந்த கிளை திரும்பச் சேரும். பெயரை இரண்டு இடத்தில் போடாமல், ஒரே பேனலுக்கு இரு பக்கமிருந்தும் கிளையைக் கொண்டுவரலாம். அதற்கு அந்தப் பேனல் எங்கே உட்கார வேண்டும் என்பதை, பெயர்ச் சீட்டுகளைத் தரையில் பரப்பி, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். எழுத்துப் பிழையையும் அப்போதே பிடித்துவிடலாம். தாத்தா பெயரே பேரனுக்கும் இருந்தால் கீழே பிறந்த வருடம் போடுங்கள்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும் குவில்டிங் தையலைக் கிளையோரமாக ஓட்டுங்கள், பெயர் மேல் ஓட்ட வேண்டாம். அடிமரத்துக்கு இரண்டு பேனல் போனால், 21 பெயர் போக இரண்டு காலியாக இருக்கும். அப்படியே விடுங்கள். மூன்று அடுக்கும் சேர்ந்த குவில்டைப் பிறகு ஹூப்பில் மாட்டுவது பெரும்பாடு. புதுப் பெயர் வந்தால் தனி இலையில் போட்டுக் கையால் தைத்துக்கொள்ளலாம். அதற்கு இதே துணியில் அரை மீட்டரும் இதே நூலில் ஒரு கண்டும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை கடையில் அதே ஷேடு கிடைக்குமென்று நம்ப முடியாது.