பௌட்லரின் அக்கா

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரையில் ‘பௌட்லரைஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எடுத்தாண்டிருந்தீர்கள். நூலிலிருந்து ‘தகாத’ பகுதிகளை நீக்குவது என்கிறது அகராதி. ‘தணிக்கை செய்தல்’ என்றே எழுதியிருக்கலாமே? பௌட்லர் என்பவர் தணிக்கை அதிகாரியா? குழந்தைகளுக்காக அப்படி நீக்குவது தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தணிக்கை செய்பவருக்கு நூலின் மேல் பிரியம் இருக்க வேண்டியதில்லை. தாமஸ் பௌட்லருக்கு இருந்தது. மருத்துவம் படித்தவர் அவர். சிறுவயதில் அவருடைய அப்பா வீட்டில் ஷேக்ஸ்பியரை உரக்கப் படிப்பாராம். கூச வைக்கும் இடங்களைக் குரல் தடுமாறாமல் தாண்டிவிடுவாராம். மகன் அதையே அச்சில் செய்தார். 1818இல் பத்துத் தொகுதிகளாக ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ வந்தது. அதில் ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் விலைமகள் டால் அடியோடு காணாமல் போனாள். தாமஸ் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1836இல், அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அகராதியோடு நின்றுவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். பாத் நகரில் 1807இல் இருபது நாடகங்களுடன் முதல் பதிப்பு வந்தபோது, முகப்பில் யார் பெயரும் இல்லை. வெட்டியவர் தாமஸின் அக்கா ஹென்ரியட்டா. மணமாகாதவர். ஒரு வரியை ஆபாசம் என்று வெட்ட வேண்டுமானால், அது முதலில் புரிய வேண்டும். புரிந்தது என்று அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு கன்னிப்பெண் எப்படிச் சொல்லிக்கொள்வார்? புகழ் தம்பிக்குப் போனது, சரி. வசவில்கூடவா அக்காவுக்குப் பங்கில்லை? கடைசிவரை அவரும் பௌட்லர்தானே ஐயா!

என் அத்தையும் மணமாகாதவர். இரவில் திண்ணையில் எங்களை உட்காரவைத்து, பைண்டு செய்த தொடர்கதைகளைப் படித்துக்காட்டுவார். சில இடங்களில் லேசாக இருமுவார். கதாநாயகி திடீரென்று மறுநாள் காலைக்கு வந்துவிடுவாள். பத்து வயதில் ஒருநாள் அந்தப் புத்தகத்தைத் திருடிப் பார்த்தேன். ஓரங்களில் பென்சில் புள்ளிகள். தாண்ட வேண்டிய இடம் தொடங்கும் வரியில் ஒன்று, முடியும் வரியில் ஒன்று. எங்களுக்குப் படிப்பதற்கு முன்பே, தனியாக உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்.

குழந்தைகளைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். எனக்கென்ன தெரியும்? அன்றிலிருந்து அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் இருந்ததை மட்டும்தான் நான் படித்தேன்.