போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸில் சிக்கல் வந்தால் யாரிடம், எப்படிக் கேட்பது? குறை கண்டால் எங்கே சொல்வது? உங்கள் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஒன்று திடீரென்று மெதுவாகிவிட்டது என்று எழுதி, இவற்றைக் கேட்டிருக்கிறீர்கள்.

"பணம் கட்டி சப்போர்ட் வாங்காத சின்னக் கடைக்காரர்களுக்கு யார் பதில் சொல்வார்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள்.

2019 கடைசியில், ஒரு துணி மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் லினக்ஸ் ஓஎஸ்ஸை டெபியன் 9-லிருந்து 10-க்கு மாற்றினேன். போஸ்ட்கிரெஸ் அதே 11-தான், அதில் கைவைக்கவே இல்லை. மறுநாள் காலை பில் போடும் அக்காவிடமிருந்து போன்: "தம்பி, 11-3-ன்னு போட்டா ஆளே இல்லைங்குது. லிஸ்ட்ல பாத்தா இருக்கு." நான் போய்ச் சேர்வதற்குள் அவசரத்துக்கு அதே வாடிக்கையாளரைப் புதிதாகச் சேர்த்து பில்லும் போட்டுவிட்டார். 11-3 என்பது அந்த வாடிக்கையாளரின் கோட். ஒரு கோட் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று யுனிக் இன்டெக்ஸ் போட்டிருந்தேன் (இன்டெக்ஸ் என்றால் வரிகளைச் சட்டென்று தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் வரிசைப் பட்டியல்). அதுவும் தடுக்கவில்லை.

பயந்துபோய் 'போஸ்ட்கிரெஸ்ஸில் பெரிய பக், அவசரம்' என்று தலைப்பிட்டு (பக் என்றால் மென்பொருளில் உள்ள பிழை) பிஜிஎஸ்கியூஎல்-ஜெனரல் என்ற மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். சில மணி நேரத்தில் ஒருவர் பொறுமையாக நான்கு கேள்விகள் கேட்டார். எந்த வெர்ஷன்? எந்த ஓஎஸ்? கடைசியாக எதை மாற்றினீர்கள்? இன்டெக்ஸைத் தொடாமல் தேடினால் அந்த வரி கிடைக்கிறதா?

கடைசிக் கேள்விதான் கதவைத் திறந்தது. இன்டெக்ஸ் வழியாகத் தேட அனுமதிக்கும் எனேபிள் இன்டெக்ஸ்ஸ்கேன், எனேபிள் பிட்மேப்ஸ்கேன் என்ற இரண்டு செட்டிங்கையும் அந்த செஷனில் மட்டும் ஆஃப் செய்துவிட்டு அதே குவெரியை ஓட்டினேன். 11-3 இரண்டு வரிகளாக வந்து நின்றது.

காரணம் போஸ்ட்கிரெஸ் அல்ல. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை அது லினக்ஸின் ஜிலிப்சி என்ற மென்பொருள் நூலகத்திடம் கேட்டுக்கொள்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையை மாற்றியது. டெபியன் 10-இல் இருப்பது அதுதான். 11-3, 1-50 என்று இரண்டு கோட் இருந்தால், பழைய வரிசையில் நடுக்கோட்டை (-) கணக்கில் எடுக்காமல், 113, 150 என்று பார்த்து 11-3 முன்னால் வரும், 1-50 பின்னால் வரும். புதியதில் நடுக்கோட்டுக்கும் இடம் உண்டு, அதனால் 1-50 முன்னால் வந்துவிடும். இன்டெக்ஸோ பழைய வரிசையிலேயே கிடக்கிறது. தேடுவது தப்பான கிளைக்குள் போய், இல்லை என்று திரும்புகிறது. அன்று இரவு கடை மூடியதும் இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇன்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். இரட்டை வரி இருப்பதால் யுனிக் இன்டெக்ஸ் கட்ட முடியாது என்று நின்றுவிட்டது. பில்களை ஒரே வரிக்கு மாற்றி, மற்றதை நீக்கிய பிறகுதான் ஓடியது. (போஸ்ட்கிரெஸ் 15 முதல் இப்படி வரிசைப் பதிப்பு மாறியிருந்தால் டேட்டாபேஸுக்குள் நுழையும்போதே எச்சரிக்கை வரும். எங்களுக்கு அது இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை வேறு மாதிரி இருந்திருக்கும்.)

இதிலிருந்து நான் விடாமல் கடைப்பிடிப்பது ஒன்று: காரணம் இதுதான் என்று நாமே முடிவு கட்டி எழுதாமல், கண்ணால் கண்டதை எழுதுவது. 'பக்' என்று நான் எழுதியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 'ஓஎஸ் மாற்றினேன், மறுநாள் இந்தக் குவெரி இந்த வரியைக் காட்டவில்லை' என்று எழுதியிருந்தால் முதல் பதிலிலேயே விடை வந்திருக்கும். செலக்ட் வெர்ஷன் என்ற குவெரி தரும் வரியை அப்படியே ஒட்டுங்கள். எரர் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக அல்லாமல் எழுத்தாகவே போடுங்கள், பின்னால் தேடுபவருக்கு அகப்படும். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரை மாற்றிவிட்டு, டேபிள் உருவாக்குவது முதல் தப்பான விடை வருவது வரை யாரும் தம் கணினியில் ஓட்டிப் பார்க்கக்கூடிய சின்ன ஸ்கிரிப்டாகச் சுருக்குங்கள். பாதி நேரம் சுருக்கும்போதே நமக்கு விடை தெரிந்துவிடுகிறது. ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். பதில் எழுதும்போது குழு முழுவதற்கும் போகும்படி 'ரிப்ளை ஆல்' கொடுங்கள். சிக்கல் தீர்ந்ததும் எப்படித் தீர்ந்தது என்று கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள். நேரம் ஒதுக்கியவருக்கு நாம் தரக்கூடிய கூலி அதுதான்.

உண்மையிலேயே பக் என்று உறுதியானால் அவர்கள் தளத்திலேயே படிவம் இருக்கிறது. நிரப்பினால் ஒரு எண்ணோடு பிஜிஎஸ்கியூஎல்-பக்ஸ் குழுவுக்குப் போகும். அதற்கு முன் கடைசி மைனர் வெர்ஷனுக்கு (குறைகளைத் திருத்தி வரும் சின்ன வெளியீடு) மாறிப் பாருங்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, உங்கள் குறை ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும் பொதுவில் போடாதீர்கள், அதற்குத் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. ஆவணத்தில் ஒரு வாக்கியம் குழப்பினால் அந்தப் பக்கத்தின் அடியிலேயே திருத்தம் அனுப்ப இணைப்பு உண்டு. புதிதாகப் படிப்பவருக்குத்தான் அந்தக் குழப்பம் கண்ணில் படும், ஆகவே தயங்காமல் அனுப்புங்கள்.

உங்கள் கேள்வியில் சொன்ன, திடீரென்று மெதுவான அந்தக் குவெரிக்கு எக்ஸ்பிளெய்ன் அனலைஸை (குவெரியை ஓட்டி, எந்தப் படியில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் கட்டளை) பஃபர்ஸ் என்ற ஆப்ஷன் சேர்த்து ஓட்டி, முழு விடையையும் டேபிள் அமைப்பையும் இங்கேயே கருத்தில் ஒட்டுங்கள். அது அப்டேட் அல்லது டெலீட் என்றால் பிகின், ரோல்பேக் (செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளை) இரண்டுக்கும் நடுவில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அனலைஸ் அதை நிஜமாகவே செய்துவிடும். இரவு பார்க்கிறேன்.